சட்டக் கேள்வி–பதில்: மீடியேட்டர் முன்னால் என்ன பேசுவது?

கேள்வி: மகளும் மருமகனும் இங்கிலாந்தில் பிரிந்து வாழ்கிறார்கள். ஆறு வயதுப் பேரன் யாரோடு இருப்பது என்று கோர்ட்டுக்குப் போகும் முன் ஒரு மீடியேட்டரை (நடுநிலையாகச் சமரசம் பேசுபவரை) பார்த்தே ஆக வேண்டுமாம். இரு வீட்டுப் பெரியவர்களும் பேசிப் பார்த்துவிட்டோம். அது போதாதா? நான் வீடியோவில் கூட உட்காரலாமா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: போதாதம்மா. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 2014 முதல் மனுவுக்கு முன் மீடியேட்டரைச் சந்திப்பது சட்டப்படி கட்டாயம். பிள்ளை, சொத்து சம்பந்தமான மனுக்களுக்குத்தான் இது. விவாகரத்து மனுவுக்கு மட்டும் என்றால் தேவையில்லை.

இதுவே சமரசப் பேச்சு என்று நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். அதற்கு முந்தைய முதல் சந்திப்புதான் இது. உங்கள் மகள் தனியாகவே போகலாம், ஆன்லைனிலும் முடிக்கலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிரச்சினை என்ன, மீடியேஷன் என்ற சமரசப் பேச்சு சரிப்படுமா, வீட்டில் அடி உதை, மிரட்டல் உண்டா என்றுதான் கேட்பார்கள். நீங்கள் பக்கத்தில் உட்காராதீர்கள். அம்மா கேட்டுக்கொண்டிருந்தால் பாதி விஷயத்தைப் பெண்கள் விழுங்கிவிடுவார்கள். ‘குடும்ப மானம்’ என்று அடி வாங்கியதை மறைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. வன்முறைக்குப் போலீஸ் பதிவோ டாக்டர் கடிதமோ இருந்தால் இந்தச் சந்திப்பிலிருந்தே விலக்குக் கேட்கலாம். ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்பதிவின்போதே சொல்லட்டும், உறவுக்காரர் வேண்டாம்.

மருமகன் வர மறுத்தாலும் மகளின் மனு தடைபடாது. மகள் போனதற்கு மீடியேட்டர் கையெழுத்திட்டுத் தருவார். அதிலிருந்து நான்கு மாதத்துக்குள் மனு போட வேண்டும். ‘ஆடி கழியட்டும், தை பிறக்கட்டும்’ என்று தள்ளினால் மறுபடி முதலிலிருந்துதான்.

கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். வருமானம் குறைவென்றால் அரசு சட்ட உதவி உண்டு. பிள்ளை விஷய மீடியேஷனுக்கு 2021 மார்ச்சில் 500 பவுண்ட் வரை அரசு செலவை ஏற்கும் வவுச்சர் திட்டம் வந்தது. முதல் சந்திப்புச் செலவு அதில் சேராது. இப்போது கிடைக்குமா என்று முன்பதிவின்போதே விசாரிக்கட்டும்.

சொத்துப் பேச்சும் வந்தால், பாளையங்கோட்டை லாக்கரில் இருக்கும் நகையையும் கணக்கில் காட்ட வேண்டியிருக்கும். பேரனைச் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குக் கூட்டிவரும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். தகப்பன் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் அழைத்துவருவது அங்கே குற்றம்.

கேள்வி: கணவர் நெல்லையில் விவாகரத்து மனு போட்டிருக்கிறார். கவுன்சலிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். போகாமல் இருந்தால்?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: போங்கள். நம் ஊரில் மனு போட்ட பிறகுதான் இந்தக் கட்டம். 1984-ம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9-வது பிரிவு சமரசத்துக்கு முயலச் சொல்கிறது. வாய்தாக்களையும் விட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும், அதை ரத்து செய்ய அலைய வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லையா? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் போடுங்கள்.

ஒப்பந்தம் எழுதும் நிலை வந்தால் நிதானம் வேண்டும். ‘நகை, சீர் அனைத்தும் பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒற்றை வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் அழுகிறவர்கள் உண்டு. ஆரம் இத்தனை பவுன், வளையல் இத்தனை ஜோடி, பீரோ, கட்டில், பித்தளைப் பாத்திரம் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பணமென்றால் தொகை, தேதி, எந்த வங்கிக் கணக்கு என்பதும் வேண்டும். பொருள் கைக்கு வந்த பிறகு ரசீதில் கையெழுத்துப் போட்டால் போதும்.