நின்ற பஸ்ஸுக்கு முன்னால் இருந்து ரோட்டைக் கடக்க இறங்குபவரைப் பின்னால் வரும் வண்டி எப்படி அறியும்?

வண்டிகள் ரேடியோ அலை வழியாகத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தொழில்நுட்பத்தில் வேலை செய்யும் ஒருவரிடம் வேலூர் பக்கத்து வாசகர்கள் கேட்டவை.

சத்துவாச்சாரி: கார்லயே கேமரா, ரேடார் வந்துடுச்சே சார், ரேடியோ எதுக்கு?

கேமராவுக்குக் கண்ணுக்கு எட்டினதுதான் தெரியும். கிரீன் சர்க்கிள்ல பஸ் நிக்குது, அதுக்கு முன்னால இருந்து ஒருத்தர் ரோட்டைக் கடக்க இறங்குறார். பின்னால வர்ற காருக்கு அவர் கடைசி நொடியிலதான் தெரிவார். ரேடியோ அலை வலு குறைஞ்சாவது மறைவைத் தாண்டி வரும். அந்த ரேடியோ கருவி, தன்னை வெச்சிருக்கிற வண்டியோ ஆளோ இருக்கிற இடம், வேகம், திசை மூணையும் நொடிக்கு 10 தடவை சொல்லும். 60 கிலோமீட்டர் வேகத்துல ஒரு நொடிக்கு 17 மீட்டர் போயிடுவோம், அதனால அரை நொடி முன்னாடி தெரிஞ்சாலும் ஒரு உயிர் தப்பும்.

குடியாத்தம்: சைக்கிள்ல பால் ஊத்தறேன். சட்டைப் பையில போன் இருந்தா போதுமாண்ணா?

இன்னிக்குப் போதாது தம்பி. போனை வெச்சே கார் எச்சரிக்கை வாங்குறதை ஹோண்டா 2013-லயே செஞ்சு காட்டுச்சு. ஆனா நம்ம கையில இருக்கிற சாதாரண போன்ல அந்த ரேடியோ கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஜிபிஎஸ். திறந்த வெளியிலயே சுமார் 5 மீட்டர் தள்ளிக் காட்டும். நீங்க சர்வீஸ் ரோட்டுல போவீங்க, பெங்களூரு ஹைவேல வர்ற லாரிக்கு நடுரோட்டுல இருக்கிற மாதிரி தெரியும். சும்மா சும்மா கத்துற அலாரத்தை டிரைவர் ரெண்டே நாள்ல அணைச்சுடுவார். அணைச்ச அலாரத்தால யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

காட்பாடி: பஸ்ல இருக்கிற ஜிபிஎஸ் பெட்டி இதுதானா?

இல்லை. அது ஏஐஎஸ்-140 கருவி. இருக்கிற இடத்தைக் கட்டுப்பாட்டு மையத்துக்கு அனுப்பும், அவசர பட்டன் இருக்கும். பக்கத்து வண்டியோட பேசாது.

ஆற்காடு: எங்கம்மாவுக்கு 70 வயசு, பட்டன் போன்தான். அவங்களுக்கு என்ன வழி?

எனக்கு ரொம்ப முக்கியமான கேள்வி இதுதாம்மா. நடக்கிறவங்க இதுக்காக எந்தக் கருவியையும் சுமக்க வேண்டிய நிலைமையே வரக்கூடாது. சந்திப்புல கம்பத்து மேல கேமராவும் ரேடாரும் வெச்சா, ஆள் இறங்குறதை அது பார்த்து, வர்ற வண்டிகளுக்கு அவங்க சார்பா சொல்லும். வேலூர்ல முதல் கம்பத்தை சிஎம்சி ஆஸ்பத்திரி எதிர்ல ஐடா ஸ்கடர் ரோட்டுல நடணும்னு சொல்வேன். கையில ஃபைலோட, வீல்சேர் தள்ளிக்கிட்டு, ஊருக்குப் புதுசா வந்தவங்க கடக்கிற இடம் அது.

அதுவரைக்கும் அங்க வேகத்தைக் குறைங்க. ஆளைப் பார்த்து பிரேக் பிடிச்சு நிக்க 60 கிலோமீட்டர் வேகத்துல ஏறக்குறைய 37 மீட்டர் ஆகும், 40-ல 20 மீட்டர்தான்.

பால்காரத் தம்பி, நீங்க விடியற்காலை இருட்டுல போறவர். பின் மட்கார்டுல சிவப்பு ரிஃப்ளெக்டர் இன்னிக்கே மாட்டிடுங்க.