கேள்வி – பதில்: ஓட்டுக் கேட்கும் மாதங்களில் காடு

கேள்வி: "வனவளம் காக்கப்படும்" என்று எல்லாக் கட்சிகளும் தேர்தல் அறிக்கையில் எழுதுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிக் கேட்டால் மட்டும் வேட்பாளர்கள் நழுவிவிடுகிறார்களே, ஏன்?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: கேரளத்தின் இடுக்கித் தொகுதியில் 2014-இல் நடந்ததை மலையோரத் தொகுதிகளில் அரசியல் செய்பவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை குறித்து மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011 ஆகஸ்ட்டில் அறிக்கை அளித்தது. எந்தப் பகுதியில் எதை அனுமதிப்பது என்பதைக் கிராம சபைகளைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. அப்படிப்பட்ட அறிக்கையை மத்திய அரசு பல மாதங்கள் வெளியிடாமல் வைத்திருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் துணையோடு போராடிய பிறகுதான் 2012 மே மாதம் அது வெளியே வந்தது. பட்டா கிடைக்காது, விவசாயம் செய்ய முடியாது, ஒருநாள் வெளியேறச் சொல்வார்கள் என்ற அச்சம் மலையோர விவசாயிகளிடையே வேகமாகப் பரவியது. அறிக்கை ஊர்களுக்குப் போய்ச் சேரும் முன்பே அச்சம் போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னர், காட்கில் அறிக்கையை ஆராய அமைக்கப்பட்ட கஸ்தூரிரங்கன் குழு கேரளத்தில் 123 கிராமங்களைச் சூழல் கூருணர்வுப் பகுதிக்குள், அதாவது சுரங்கம், குவாரி போன்றவற்றுக்குத் தடை வரும் பகுதிக்குள், கொண்டுவரப் பரிந்துரைத்தபோது அந்த அச்சம் முழு அடைப்புகளாக வெடித்தது.

அப்போது இடுக்கியின் மக்களவை உறுப்பினராக இருந்த காங்கிரஸின் பி.டி. தாமஸ், காட்கில் அறிக்கையை வெளிப்படையாக ஆதரித்துக் கடைசிவரை பின்வாங்காமல் நின்றார். உயிரோடிருந்த அவருக்கு எதிர்ப்பாளர்கள் இறுதி ஊர்வலம் நடத்தினார்கள். 2014-இல் அவருடைய கட்சியே அவருக்கு மீண்டும் வாய்ப்பளிக்கவில்லை. வேறொருவரை நிறுத்தியும் பயனில்லை. இடது முன்னணி ஆதரவுடன் சுயேச்சையாக நின்ற ஜாய்ஸ் ஜார்ஜ் 50,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். கேரளத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 10. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, மார்ச் 10 அன்று மத்திய அரசு வெளியிட்ட வரைவு அறிவிக்கையில், கேரளத்தின் கூருணர்வுப் பரப்பு 13,108 சதுர கிலோமீட்டரிலிருந்து ஏறக்குறைய 9,994 ஆகக் குறைந்திருந்தது. மலையும் ஆறும் இதற்கிடையில் மாறிவிடவில்லை. மாறியது தேர்தல் கணக்குதான்.

இதிலிருந்து கட்சிகள் கற்றுக்கொண்ட பாடம், "இந்தப் பேச்சே வேண்டாம்" என்பது. அது தவறான பாடம் என்பது என் உறுதியான கருத்து. மக்களிடம் முன்கூட்டியே பேசாததுதான் இடுக்கியில் நேர்ந்த பிழை. 2014 முதல் 2024 வரை கூருணர்வுப் பகுதிகளைக் குறிக்கும் ஆறு வரைவு அறிவிக்கைகள் வந்தன. ஆறாவது வரைவின் தேதி 2024 ஜூலை 31. வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவால் மண்ணில் புதைந்து 200-க்கும் மேற்பட்டோர் மாண்டது அதற்கு முந்தைய நாள் அதிகாலையில். அவ்வூர்கள் அமைந்த வைத்திரி வட்டத்தை காட்கில் குழு மிக உயர்ந்த பாதுகாப்பு தேவைப்படும் பகுதியாகக் குறித்திருந்தது. பி.டி. தாமஸ் பிற்பாடு கொச்சி நகரையொட்டிய திருக்காக்கரையில் இரண்டு முறை சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அவரைக் கைவிட்டது மலை, காப்பாற்றியது நகரம். இந்த இடைவெளியைக் குறைக்க எந்தக் கட்சியும் உழைக்கவில்லை.

கேள்வி: செக்‌ஷன் 17 நிலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மின் இணைப்பே இல்லை. பலா பழுத்தால் யானை வாசலுக்கு வருகிறது. யானை வழித்தடம் பற்றிப் பேசும் கட்சிக்கு நாங்கள் எதற்காக வாக்களிக்க வேண்டும்?
– வாசகி ஒருவர், கூடலூர்

பதில்: உங்கள் கோபம் முழுக்க நியாயமானது, அம்மா. ஜன்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கி, உரிமை யாருக்கு என்று முடிவாகாத நிலங்களின் சிக்கல் பல தேர்தல்களைக் கண்டுவிட்டது. ஒவ்வொரு முறையும் வாக்குறுதி வருகிறது, தீர்வு வரவில்லை. வழித்தடத்தின் கதையும் அப்படித்தான். 2024-இல் நீலகிரி மக்களவைத் தொகுதியில் ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு முடிந்தது. தமிழகத்தில் 42 யானை வழித்தடங்களைக் குறிக்கும் வரைவு அறிக்கை, அந்த மாத இறுதியில், கருத்துச் சொல்லச் சில நாள்களே அவகாசம் தந்து வெளியானது. உள்நோக்கம் இருந்ததா என்பது இருக்கட்டும். பிரசாரத்துக்கு வந்த ஒரு வேட்பாளரிடமும் அந்த வரைபடத்தைக் காட்டி, "என் வீடு இதில் எங்கே இருக்கிறது?" என்று நீங்கள் கேட்க முடியாமல் போனதே, அந்த அநியாயத்தைத்தான் சொல்கிறேன். யானைக்கு வழி வேண்டும். அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதிசெய்ததை வரவேற்றவன் நான். ஆனால் அந்த வழியை மாளிகை போன்ற விடுதிகள் அடைப்பதும் சிறு விவசாயியின் குடிசை மறிப்பதும் ஒன்றல்ல என்று மேடையில் பிரித்துச் சொல்லும் கட்சிக்கே உங்கள் வாக்கைக் கேட்கும் தகுதி உண்டு.

கேள்வி: எல்லாக் கட்சிகளும் ஒரே பக்கம் நின்ற நிகழ்ச்சி ஒன்றேனும் உண்டா?
– வாசகர் ஒருவர், மேலூர்

பதில்: உங்கள் பக்கத்து ஊரான அரிட்டாபட்டியே இருக்கிறதே! 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரை உள்ளடக்கி, 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்ததும் முதலில் எழுந்தவர்கள் ஊர்மக்கள். கட்சிகள் ஒன்றையொன்று குற்றம்சாட்டிக்கொண்டேதான் வந்தன. ஆனாலும் டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது, பா.ஜ.க.வின் மாநிலத் தலைமையும் திட்டத்தைக் கைவிடக் கோரியது, 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மலையையும் வல்லூறையும் ஏரியையும் தங்கள் வாழ்வின் பகுதியாக ஊரே உரிமை கொண்டாடியபோது எதிர்த்துப் பேச எந்தக் கட்சிக்கும் துணிவு வரவில்லை. இடுக்கியில் பாதுகாப்பு மேலிருந்து இறங்கியது. அரிட்டாபட்டியில் ஊரிலிருந்தே எழுந்தது.

ஆகவே உங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வருபவரிடம் பொதுவாகக் "காட்டைக் காப்பீர்களா?" என்று கேட்காதீர்கள், ஆம் என்றுதான் சொல்வார். எந்தக் கல்குவாரியின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விடுவீர்கள், வரைவு அறிக்கையைத் தமிழில் அச்சிட்டுக் கிராம சபையில் எப்போது வைப்பீர்கள், காட்டுப்பன்றி அழித்த பயிருக்கு எத்தனை நாளில் இழப்பீடு வரும் என்று ஊர்ப்பெயரும் தேதியும் சேர்த்துக் கேளுங்கள், அவர் சொல்லும் பதிலை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.