வாசகர் கேள்வி – பதில்: மந்தைகள் வகுத்த விழா நாட்கள்

கேள்வி: டப்ளினில் வேலை பார்க்கும் என் மகள், தோழிகளுடன் சேர்ந்து ஆண்டுக்கு எட்டுப் பேகன் (ஐரோப்பாவின் பழைய இயற்கை வழிபாட்டைப் பின்பற்றுவோரின்) விழாக்களைக் கொண்டாடுகிறாள். கிறித்தவத்துக்கு முன்பிருந்தே அறுபடாமல் வரும் வழக்கம் என்கிறாள். உண்மைதானா? (வாசகி, திருச்சி)

பதில்: பாதி உண்மை. எட்டையும் ஒரே ஆண்டுச் சக்கரமாகக் கோத்தவர்கள், 1950களில் இங்கிலாந்தில் செயல்பட்ட நவீனப் பேகன் முன்னோடிகளான ஜெரால்டு கார்ட்னர், ராஸ் நிக்கல்ஸ் ஆகியோரும் அவர்களைச் சார்ந்த குழுவினரும்தான். இலையுதிர்காலச் சமஇரவு நாளுக்கு இன்று வழங்கும் ‘மேபன்’ என்னும் பெயர் 1970களில் அமெரிக்காவில் சூட்டப்பட்டது. ஆயினும் எட்டில் நான்கு, அயர்லாந்தின் பழைய விழாக்களே.

அந்த நான்கும் ஆடுமாடுகளை நம்பிப் பிழைத்த மக்களின் நாட்காட்டி. பிப்ரவரி தொடக்கத்தில் வரும் இம்போல்க், சினை ஆடுகளுக்குப் பால் சுரக்கத் தொடங்கும் காலம். மே முதல் நாளான பெல்டேன் அன்று, கோடை மேய்ச்சலுக்குப் புறப்படும் மந்தையை நோய் அண்டாதிருக்க இரண்டு பெருந்தீக்களுக்கு நடுவே ஓட்டிச் சென்றார்கள் என்று பழைய ஐரிஷ் ஏடு ஒன்று கூறுகிறது. ஆகஸ்டில் வரும் லூனசா, முதல் கதிர் அறுப்பு. நவம்பர் முதல் நாளான சவ்வினுக்குள் மந்தை திரும்பிவிடும். குளிர்காலம் முழுவதும் தீனி போட்டுக் காப்பாற்ற முடியாத கால்நடைகளை அப்பருவத்தில்தான் அறுத்து, இறைச்சியை உப்பிட்டு வைத்தார்கள். இறந்தோரின் நினைவு அந்த நாளோடு சேர்ந்ததில் எனக்கு வியப்பில்லை.

இம்போல்க், கிறித்தவம் வந்தபின் புனித பிரிஜிட் திருநாளாக நிலைத்து, 2023 முதல் அயர்லாந்தின் பொது விடுமுறையாகவும் ஆகியிருக்கிறது. முந்தைய நாள் மாலை, ஈர நிலத்தில் வளரும் கோரையை அரிவாள் படாமல் கையால் பிடுங்கி வந்து, நான்கு கை கொண்ட சிலுவையாகப் பின்னி, வீட்டு வாசலிலும் மாட்டுக் கொட்டிலிலும் செருகுவார்கள். தங்கள் மகள் எட்டு விழாக்களில் ஒன்றை மட்டும் ஆழ்ந்து கற்க விரும்பினால், நான் இதையே பரிந்துரைப்பேன். கோரை எங்கே வளர்கிறது என்று தேடிப் போவதற்குள்ளேயே அந்த மண்ணின் ஈரமும் பருவமும் அவளுக்குப் பிடிபட்டுவிடும்.

எட்டில் எஞ்சியவற்றுள் அடங்கும் சூரியனின் திருப்புநாட்களுக்கும் (ஆண்டின் மிக நீண்ட பகலும் மிகக் குறுகிய பகலும் வரும் நாட்கள்) அங்கே தொன்மையான சான்று உண்டு. டப்ளினுக்கு வடக்கே, கி.மு. 3200 அளவில் கட்டப்பட்ட நியூகிரேஞ்ச் கல்லறை மேட்டில், டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில், வாசலுக்கு மேலுள்ள சிறு திறப்பின் வழியாக உதயசூரியனின் ஒளி நுழைந்து, 19 மீட்டர் நீள வழியைக் கடந்து உள்ளறைத் தரையைத் தொடுகிறது. அதைக் கட்டியவர்கள் என்ன விழா எடுத்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. ஆண்டின் மிகக் குறுகிய பகலை அவர்கள் கூர்ந்து கவனித்திருந்தார்கள் என்பதற்கு அந்தக் கல்லே சான்று.

கேள்வி: மெல்போர்னில் என் மகனின் அண்டை வீட்டார் பெல்டேனை நவம்பரில் கொண்டாடுகிறார்கள். நாள் மாறலாமா? (வாசகர், கோவை)

பதில்: மாறத்தான் வேண்டும். தென்கோளத்தில் வசந்தம் செப்டம்பரில் தொடங்குகிறது. மே மாதத்தில் அங்கே குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருக்கும். ஆகவே ஆஸ்திரேலியப் பேகன்களில் பலர் நாட்காட்டியை ஆறு மாதம் தள்ளி, சவ்வினை ஏப்ரல் இறுதியிலும், நீண்ட இரவுக்குரிய யூல் விழாவை ஜூன் 21ஐ ஒட்டியும் வைத்துக்கொள்கிறார்கள். வடக்கின் தேதியை அப்படியே பின்பற்றுவோரும் உண்டு. எனினும், பருவத்துக்காக எடுக்கும் விழாவைப் பருவம் வந்தபோது எடுப்பதே முறை என்பது என் கருத்து.