தாதி அக்கா பதில்கள்: கை கழுவச் சொல்வதற்கு ஒரு வேலையா?

கேள்வி: அக்கா, வணக்கம். தாதிமை டிப்ளோமா முடித்துவிட்டு தனியார் மருத்துவமனை ஒன்றில் நான்கு வருஷமாக வார்டில் இருக்கிறேன். ஷிப்ட் மாறி மாறிப் பார்த்து உடம்பு ஓய்ந்துவிட்டது. எங்கள் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஓர் இடம் காலியாகப் போகிறதாம். காலையில் போய் ஐந்து மணிக்கு வந்துவிடலாம். அம்மாவோ, "எல்லாரையும் கை கழுவச் சொல்வதற்கு ஒரு வேலையா, இதற்கா மூன்று வருஷம் படித்தாய்?" என்கிறார். விண்ணப்பிக்கலாமா? (வாசகி, பிறை)

பதில்: விண்ணப்பி தங்கச்சி. ஆனால் ஐந்து மணிக்காக மட்டும் என்றால் வேண்டாம். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு லேபிலிருந்து போன் வரும், ஐசியுவில் மூன்று படுக்கையில் ஒரே கிருமி என்று. அப்புறம் எங்கே ஐந்து மணி? வார்டைக் கைகழுவிவிட்டு வருகிற இடம் இல்லை இது, முன்பு ஒரு வார்டு உனக்கு, இனி எல்லா வார்டும் உனக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கை கழுவச் சொல்வதுதான் வேலை. எப்போதெல்லாம் கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்கள் உனக்கே தெரியும். ஹேண்ட் ரப், அதாவது கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. சரி, இது சுவரில் ஒட்டியிருக்கிறதே, இதற்கு எதற்கு ஓர் ஆள்? சுவரில் ஒட்டியதை யாரும் படிப்பதில்லை, அதனால்தான்! சி.டிஃப் என்ற குடல் கிருமியால் பேதி உள்ள நோயாளியைத் தொட்டுவிட்டு ஹேண்ட் ரப் தேய்த்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போகிறவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தக் கிருமியின் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாகாது, குழாயடிக்குத்தான் போக வேண்டும்.

அதற்கு மேல் இருப்பது எண்ணுகிற வேலை. ஒரு மாதத்தில் மூன்று பேருக்குச் சிறுநீர் வெளியேறப் பொருத்தும் குழாயால் தொற்று வந்தது என்றால் அது அதிகமா குறைவா? மூன்று என்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வார்டில் இருந்த எல்லாருக்குமாகச் சேர்த்து அந்தக் குழாய் எத்தனை நாள் இருந்தது என்று கூட்டுவோம். 1,500 நாள் என்றால், ஆயிரம் குழாய் நாளுக்கு 2 தொற்று. போன மாதம் 1 என்றால் இந்த மாதம் எங்கேயோ எதுவோ நழுவியிருக்கிறது. அதைத் தேடிப் போக வேண்டும். சிறுநீர் சேரும் பை தரையில் கிடக்கலாம், குழாயை எடுக்கச் சொல்ல எல்லாருமே மறந்திருக்கலாம், ஏன், புதிதாக வந்த ஹவுஸ்மேனுக்கு, அதாவது பயிற்சி டாக்டருக்கு, யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். துப்புரவு அக்காமார்களிடம் கேள், நமக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

உண்மையில் கஷ்டம், பெரியவர்களிடம் சொல்வது. நான் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த நிபுணரிடம், "டாக்டர், கை..." என்று இழுத்தேன். ரவுண்ட்ஸ் நடுவில் எல்லார் முன்னிலையிலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன், ஒரு வாரம் அந்த வார்டுப் பக்கமே போகவில்லை. அப்போது எங்கள் மேட்ரன் சொன்னது நம் பினாங்குக்காரர் டாக்டர் வூ லியன் டேயின் கதையை. 1879இல் இங்கே பிறந்து பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தவர். 1910 கடைசியில் சீனாவின் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் வந்தபோது, இது காற்றில் பரவுகிறது, துணி முகக்கவசம் போடுங்கள் என்றார். அப்போது வயது 31. மெஸ்னி என்ற அனுபவசாலியான பிரெஞ்சு டாக்டர் இந்தச் சின்னப் பையன் சொல்லி நான் கேட்பதா என்று முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார், சில நாளில் அதே நோயில் இறந்துபோனார். மேட்ரன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்த வார்டுக்குப் போனேன். இந்த முறை பேசவில்லை, ஹேண்ட் ரப் பாட்டிலை அவர் கைக்கு எட்டும் தூரத்தில் நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

படிப்பு என்றால், நம் நாட்டில் தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்றே போஸ் பேசிக் பயிற்சி, அதாவது டிப்ளோமாவுக்குப் பிறகான சிறப்புப் பயிற்சி, இருக்கிறது, உன் மருத்துவமனை அனுப்புமா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடு. பிறகு கேட்கலாம் என்று விட்டவர்கள் பலர் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வருடாந்தரத் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதே. இன்னொன்றும் கேள்: எத்தனை படுக்கைக்கு ஓர் ஆள்? உலக சுகாதார நிறுவனம் குறைந்தபட்சமாகச் சொல்வது 250 படுக்கைக்கு ஒரு முழுநேர ஆள். அதற்கு மேல் உன் தலையில் கட்டினால் யோசி.

கேள்வி: நான் பயோமெடிக்கல் சயன்ஸ் பட்டதாரி, லேபில் வேலை. தாதியாக இல்லாமல் இந்தத் துறைக்குள் வர முடியுமா? (வாசகர், செந்தூல்)

பதில்: முடியும் தம்பி, ஆனால் இங்கே அந்த நாற்காலி பெரும்பாலும் தாதிகளிடம்தான் இருக்கிறது, அதனால் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். தொற்றுக் கட்டுப்பாட்டுக்கென்று சி.ஐ.சி. என்று ஓர் அமெரிக்கச் சான்றிதழ் உண்டு, லேப்காரர்களும் எழுதலாம். 150 கேள்விகள், மூன்று மணி நேரம், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் தொற்றுத் தடுப்பு வேலையில் நேரடிப் பொறுப்பில் இருந்த அனுபவம் கேட்பார்கள். அது இல்லாதவர்களுக்கு ஏ-ஐ.பி.சி. என்று தொடக்க நிலைத் தேர்வு ஒன்று இருக்கிறது, முதலில் அதைப் பார்.

அதுவரைக்கும் உன் லேபிலேயே இரு. ஒரே கிருமி ஒரே வார்டிலிருந்து திரும்பத் திரும்ப வருவதை முதலில் பார்ப்பது நீதான். அறிக்கையில் டைப் பண்ணிவிட்டுப் பேசாமல் இருக்காதே, போனை எடுத்துச் சொல். இரண்டு முறை சொன்னால் உன் பெயர் தெரிந்துவிடும். வார்டுக்கு ஒரு நடை போய், மருந்து ஏற்ற நரம்பில் செருகும் பிரானுலாவை எப்படிப் போடுகிறார்கள், ரத்தம் எப்படி எடுக்கிறார்கள் என்று நின்று பார். சில லேப்காரர்களுக்கு நோயாளி என்பது பார்கோடு ஒட்டிய குப்பிதான், கோபித்துக்கொள்ளாதே.

கேள்வி: என் மகள் தொற்றுநோய் வார்டில் தாதி. வீட்டில் சின்னப் பேரன் இருக்கிறான். அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்திருக்கிறேன். நோயைக் கொண்டு வந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. (வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: உங்கள் பயம் புரிகிறது அம்மா. ஆனால் அந்த வார்டில் இருப்பவர்கள் பெட்டிக்கடை வரிசையில் நிற்கும் நம்மைவிடக் கவனமாக இருப்பார்கள், என்ன நோய் என்று தெரிந்து அதற்கேற்ற கவசத்தோடு போகிறார்கள். நான் பயப்படுவது ஊசி குத்திவிடுமோ என்றுதான். எச்.ஐ.வி. ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுதான். ஹெபடைடிஸ் பி ரத்தம் என்றால், அதற்கான தடுப்பூசி போடாதவர்களுக்கு அந்த வாய்ப்பு பல மடங்கு அதிகம். மகள் மூன்று ஊசியும் போட்டாளா, உடம்பில் எதிர்ப்பு வந்ததா என்று ரத்தம் பார்த்தாளா என்று கேளுங்கள். என்-95 போடும் வார்டு என்றால் அது முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்ட் செய்தார்களா என்றும் கேளுங்கள். சீருடையைத் தனியாகத் துவைக்கட்டும், வந்ததும் குளித்துவிட்டுப் பேரனைத் தூக்கட்டும்.

அந்தத் தட்டையும் டம்ளரையும் மட்டும் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து பசியாற உட்காருகிற பிள்ளை அது.