மைக் ஹேமர் செட்டு வாங்கப் போறீங்களா, முதல்ல பெட்டியோட பின்பக்கத்தப் பாருங்க

பழைய அமெரிக்க பிரைவேட் டிடெக்டிவ் சீரியல் டிவிடி பத்தி போன மாசம் ரெண்டு வரி எழுதினாலும் எழுதினேன், கேள்வி கொட்டுது. தொப்பி, மழைக்கோட்டு, சிகரெட்டுப் புகை, யாரையும் நம்பாத ஹீரோ, இதுக்கு நம்மாளுங்கள்ல இவ்ளோ பேர் அடிமைன்னு எனக்கே தெரியாது. அதனால இந்தத் தடவ முழுக்க இதுதான், மிக்ஸி வாரண்டி கேட்டவங்க கொஞ்சம் பொறுங்க.

கேள்வி (கோயம்புத்தூர்): "மைக் ஹேமர், முழு தொடர்"னு போட்டிருந்த டிவிடி செட்டு ஒண்ணு ஆன்லைன்ல வாங்கினேன். எனக்கு வேணுங்கறது 1950கள்ல வந்த கருப்பு வெள்ளை சீரியல், டாரன் மெக்கவின் நடிச்சது. பெட்டியப் பிரிச்சா கலர் படம், மீசை வச்ச வேற ஆளு. வித்தவர்கிட்ட கேட்டா "நீங்க கேட்டதும் மைக் ஹேமர், நாங்க அனுப்புனதும் மைக் ஹேமர்"ங்கறார், சீல் பிரிச்சாச்சு திருப்பி எடுக்க மாட்டோம்ங்கறார். தப்பு என் மேலயா?

பதில்: சார், பாதி தப்பு அந்தப் பேரு மேல. மைக் ஹேமர்ங்கற பேர்ல வந்த சீரியல் ஒண்ணு மட்டும் இல்ல, பல இருக்கு. மிக்கி ஸ்பில்லேன் 1947ல எழுதின நாவல்ல பொறந்த ஆளு இவரு, டிவிக்கு முதல்ல வந்தது 1958-59ல, டாரன் மெக்கவின் நடிச்சு, அரை மணி நேர எபிசோடு, மொத்தம் 78. அப்புறம் 1984ல சிபிஎஸ் டிவில ஸ்டேசி கீச் நடிச்சு கலர்ல வந்துச்சு, கூத்து என்னன்னா அதுக்கும் இதே பேருதான், "மிக்கி ஸ்பில்லேன்ஸ் மைக் ஹேமர்", ஒரு எழுத்து மாறல. அது நடுவுல நின்னு போனதுக்கு ஒரு கதை இருக்கு. 1984 ஏப்ரல்ல லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்ல கீச் கொக்கைனோட மாட்டிக்கிட்டாரு, ஆறு மாசம் ரெடிங் ஜெயில்ல இருந்தாரு, ஊர்ல இருக்கற திருடனையெல்லாம் பிடிக்கிற ஹீரோ ஜெயில்ல, சீரியல் அம்போ. வெளிய வந்தப்புறம் 1986-87ல "த நியூ மைக் ஹேமர்"னு திரும்ப வந்தாரு. அதோட விட்டாரா, 1997-98ல மறுபடி "மைக் ஹேமர், பிரைவேட் ஐ"னு 26 எபிசோடு. இதுல எதோட பெட்டில "முழு தொடர்"னு போட்டாலும் அது பொய் இல்ல, எந்தத் தொடரோட முழுசுங்கறதுதான் கேள்வி.

இதுல நானே ஒரு தடவ ஏமாந்திருக்கேன், படத்துல தொப்பி தெரிஞ்சுது, மேல யோசிக்காம பணத்தக் கட்டிட்டேன். அதுக்கப்புறம் நான் பார்க்கறது ரெண்டே விஷயம், நடிகர் பேரும் வருஷமும். நடிகர் கீச்தான்னு தெரிஞ்சு எந்த கீச்னு குழப்பமா இருந்தா ஹீரோவோட போலீஸ் நண்பர் யாருன்னு பாருங்க. பாட் சேம்பர்ஸா டான் ஸ்ட்ரௌட் இருந்தா 80கள்ல வந்தது. ஸ்கிப் கிளீசன்னு ஒரு கேப்டன் வந்தா 1997. மெக்கவின் சீரியல்ல அந்த சேம்பர்ஸா வர்றது பார்ட் பர்ன்ஸ்.

இப்ப உங்க பணம். அந்த லிஸ்டிங் பக்கத்த மறுபடி திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, அவங்க மாத்தறதுக்கு முன்னாடி. அதுல மெக்கவின் பேரோ 1958ங்கற வருஷமோ கருப்பு வெள்ளைன்னோ ஏதாவது ஒண்ணு இருந்தா கேஸ் உங்க பக்கம். 2020ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிப்படி, விளம்பரத்துல சொன்ன மாதிரி பொருள் இல்லன்னா வித்தவர் திருப்பி எடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது, சீல் பிரிச்சுட்டீங்கங்கற சாக்கெல்லாம் அங்க செல்லாது, பிரிக்காம உள்ள யாரு நடிச்சிருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்க? அந்த சைட்டோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துல புகார் போடுங்க, 48 மணி நேரத்துல ரசீது தரணும், ஒரு மாசத்துல தீர்த்து வைக்கணும். தீர்க்கலன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. ஆனா லிஸ்டிங்ல ஸ்டேசி கீச்னு தெளிவா போட்டிருந்து நீங்கதான் கவனிக்கலன்னா, மன்னிக்கணும், அந்த மீசைக்காரரையே பாருங்க. நல்லாதான் நடிச்சிருப்பாரு, துப்பாக்கிக்கு பெட்சின்னு பேரு வச்சிருப்பாரு, டைட்டில்ல "ஹார்லெம் நாக்டர்ன்"ங்கற மெட்டு சாக்ஸபோன்ல வரும், அதுக்கே பாதி காசு தேறிடும்.

கேள்வி (டொரன்டோ): 50கள்ல வந்த ஒரு டிடெக்டிவ் சீரியல், அதே எபிசோடு ஒரு செட்டுல 26 நிமிஷம், ஐரோப்பா செட்டுல 25 நிமிஷம், ரொம்ப சீப்பா கிடைக்கற ஒண்ணுல 22 நிமிஷம்னு போட்டிருக்கு. எது முழுசு? சீப்பானத வாங்கலாமா?

பதில்: இதக் கேட்டதுக்கே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரணும். பெட்டில இருக்கற எல்லாத்தையும் விட எனக்கு முக்கியம் அந்த நிமிஷக் கணக்குதான்.

அந்தக் காலத்துல அமெரிக்கால அரை மணி ஸ்லாட்னா கதை 25, 26 நிமிஷம் ஓடும், விளம்பரம் கம்மி. பிற்பாடு லோக்கல் சேனல்கள் மறுஒளிபரப்பு பண்ணப்ப விளம்பரத்துக்கு இடம் வேணும்னு அங்கங்க வெட்டினாங்க. அந்த வெட்டுப்பட்ட பிரிண்ட்ட எடுத்து டிஸ்க் போட்டா 22தான் வரும். வெட்டும்போது கொலைய வெட்ட மாட்டாங்க, ஹீரோ பார்ல உட்கார்ந்து ரெண்டு வார்த்தை பேசற சீன், தெருவுல சும்மா நடக்கற சீன், இதுதான் போகும். அது போனா இந்த மாதிரி சீரியல்ல மிச்சம் என்ன இருக்கு, சும்மா சண்டைதான். வேண்டாம்.

25 நிமிஷத்தப் பார்த்துப் பயப்படாதீங்க. ஃபிலிம்ல எடுத்தது ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம், ஐரோப்பா டிவி முறைக்கு (பேரு பால், PAL) 25, அதனால அங்க டிஸ்க் போடும்போது நாலு சதவீதம் வேகமா ஓட விட்டுருவாங்க. எதுவும் வெட்டல, ஓட்டம்தான் கூடுச்சு. குரலும் இசையும் அரை ஸ்வரத்த விட கொஞ்சம் கம்மியா மேல ஏறி ஒலிக்கும், சில பேருக்குத் தெரியவே தெரியாது, காது உள்ளவங்க பல்லக் கடிப்பாங்க. நீங்க கனடால இருக்கீங்க, அந்த பால் டிஸ்க் உங்க பிளேயர்ல ஓடறதே சந்தேகம், 26 நிமிஷ செட்டையே எடுங்க.

இதே கணக்க மொத்தத்துக்கும் போடலாம். மெக்கவின் செட்டு 78 எபிசோடு, 26ஆல பெருக்கினா 2028 நிமிஷம். பின்பக்கத்துல 1700ன்னு போட்டிருந்தா கைய எடுத்துருங்க. 70கள்ல வந்த ஒரு மணி நேர சீரியல்னா எபிசோடுக்கு 50 நிமிஷம் பக்கத்துல இருக்கணும்.

கேள்வி (சிங்கப்பூர்): "ஹாரி ஓ" முதல் சீசன் வாங்கினேன். டிஸ்க்க திருப்பிப் பார்த்தா வெள்ளி கலர் இல்ல, ஊதாவா இருக்கு. வீட்ல காப்பி அடிச்சு வித்துட்டாங்களா?

பதில்: ஊதான்னா பொதுவா டிஸ்க் கம்ப்யூட்டர்ல மாதிரி ஒண்ணொண்ணா எழுதினது, ஃபாக்டரில அச்சடிச்சது இல்ல, அதனால சந்தேகம் வர்றது நியாயம். ஆனா இந்த சீரியல்ல மட்டும் அவசரப்படாதீங்க. வார்னர் ஆர்கைவ்னு 2009ல ஒரு ஏற்பாடு ஆரம்பிச்சாங்க, நிறைய விக்காதுன்னு தெரிஞ்ச பழைய சரக்க ஆர்டர் வந்தா எழுதிக் குடுக்கறது. "ஹாரி ஓ" 2012ல அந்த வழியாதான் வந்துச்சு. ஒரிஜினலே ஊதாதான். போலியான்னு பார்க்க டிஸ்க்க விட்டுட்டு படத்தப் பாருங்க, மூலைல ஏதாவது சேனல் லோகோ தெரிஞ்சா யாரோ டிவில ஓடினதப் பிடிச்சு வித்திருக்காங்க. அட்டை ஜெராக்ஸ் மாதிரி மங்கலா இருந்தாலும் அதே கதைதான்.

டிஸ்க் நல்லதா இருந்தா பத்திரமா வைங்க, வெயில் படற ஷெல்ஃப்ல வேண்டாம், எழுதின டிஸ்க்கோட சாயம் வெளிச்சத்துல கெடும். சீரியல் பிரமாதம்ங்க. டேவிட் ஜான்சன், முதுகுல குண்டு தங்கிப்போய் போலீஸ் வேலைல இருந்து வந்துட்ட ஆளு, கார் எப்பப் பார்த்தாலும் ஷெட்டுல, கேஸ் விசாரிக்க பஸ்ல போவாரு. பஸ்ஸுக்காக நிக்கற துப்பறிவாளர எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அமெரிக்காவில இருக்கிற அண்ணா மெக்கவின் நடிச்ச மைக் ஹேமர் செட் அனுப்பிறன் எண்டு சொல்லுறார். இஞ்ச எங்கட பிளேயரில ஓடுமோ? இல்லாட்டி லேப்டாப்பில பாக்கலாமோ?

பதில்: தம்பி, டிவிடிக்கு உலகத்தப் பகுதி பகுதியா பிரிச்சு நம்பர் பூட்டு போட்டிருக்காங்க, அதுதான் ரீஜன். அமெரிக்கா செட்டு ரீஜன் 1, இலங்கையும் இந்தியாவும் ரீஜன் 5. சிங்கப்பூர், மலேசியா 3. பூட்டு போட்ட பிளேயரா இருந்தா "ரீஜன் தவறு"ன்னு ஒரு வரி வந்து நிக்கும், அவ்ளோதான். ஆனா நம்ம பக்கம் கடைல விக்கற பிளேயர் பல எல்லா ரீஜனும் எடுக்கும், அண்ணா பார்சல் கட்டறதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது ஒரு அமெரிக்கா டிஸ்க் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்க. அமெரிக்கா டிவி முறையான என்டிஎஸ்சி பத்திக் கவலை வேண்டாம், இப்ப வர்ற தட்டை டிவி எல்லாம் எடுத்துக்கும்.

லேப்டாப் டிரைவுல மட்டும் ஜாக்கிரதை. ரீஜன் மாத்தவான்னு கேட்கும், ஓகே ஓகேன்னு தட்டிக்கிட்டே போனீங்கன்னா மொத்தம் அஞ்சு தடவைதான், அஞ்சாவதா எங்க நின்னுச்சோ அங்கயே பூட்டிக்கும். புளூரே வாங்கறதா இருந்தா கணக்கு வேற, அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, நம்ம பக்கம் சி, அதுல பிளேயர்கள் இவ்ளோ தாராளமா இருக்காது.

கேள்வி (சென்னை): என் டிவில பழைய சீரியல் போட்டா ரெண்டு பக்கமும் கருப்புப் பட்டை வருது. டிஸ்க் டிஃபெக்ட்டா? மாத்திக் கேட்கலாமா?

பதில்: அய்யோ கேட்காதீங்க. அந்தக் காலத்து டிவி கிட்டத்தட்ட சதுரம், 4:3, அந்தப் பட்டை இருந்தாதான் படம் சரியா இருக்கு. சில செட்டுல "வைட்ஸ்கிரீன்"னு பெருமையா போட்டு மேலயும் கீழயும் வெட்டியிருப்பாங்க, அப்ப என்ன ஆகும்னா டிடெக்டிவ் குளோசப்புல வரும்போது தொப்பி காணாம போயிரும், நெத்தியோட நிப்பாரு. ரிமோட்ல பிக்சர் சைஸ 4:3ல வைங்க, ஸ்ட்ரெட்ச்ல வச்சா எல்லாரும் குண்டா தெரிவாங்க.

கேள்வி (மதுரை): எனக்கு கதை அவ்ளோ முக்கியம் இல்ல, "பீட்டர் கன்" மியூசிக்குக்காகத்தான் வாங்கணும். டிவிடி வாங்கவா, ஆல்பம் வாங்கவா? டிவிடில பழைய பாட்ட எடுத்துட்டு வேற மியூசிக் போட்டுருவாங்கன்னு சொல்றாங்களே?

பதில்: அப்படி நடக்கும், ஆனா அது வெளிப் பாட்டு வாங்கிப் போட்ட சீரியல்ல. டிவிக்கு மட்டும் உரிமை வாங்கியிருப்பாங்க, வீடியோவுக்கு மறுபடி காசு கேட்பாங்க, கட்டுப்படியாகலன்னா மாத்திருவாங்க. "பீட்டர் கன்"ல இசை அந்த சீரியலுக்குன்னே ஹென்றி மான்சினி போட்டது, அந்தப் பிரச்சனை கம்மி.

ஆல்பத்துல இருக்கறது ஆர்சிஏ கம்பெனிக்காக தனியா மறுபடி வாசிச்சுப் பதிவு பண்ணினது, சீரியல்ல கேட்கறது அதே ரெக்கார்டிங் இல்ல. 1959ல முதல் முதலா கிராமி இசை அவார்டு குடுத்தப்ப வருஷத்தோட சிறந்த ஆல்பம்னு ஜெயிச்சது அதுதான். டைட்டில் மியூசிக்ல அந்த விடாம இடிக்கிற பியானோ வாசிச்சது யாரு தெரியுமா, பிற்பாடு "ஸ்டார் வார்ஸ்"க்கு இசை போட்ட ஜான் வில்லியம்ஸ், அப்ப ஸ்டூடியோல வாசிக்கற பையன். இசை மட்டும்னா ஆல்பம் போதும், செலவும் கம்மி. டிவிடிதான்னா 2012ல வந்த முழு செட்டத் தேடுங்க, 114 எபிசோடு. 2002ல வந்த ரெண்டு சின்ன செட்டையும் சேர்த்தாலும் 32தான் வரும், பழைய டிவிடி கடைகள்ல அதத்தான் நிறைய தள்ளி விடுவாங்க.

கேள்வி (திருச்சி): மெக்கவின் நடிச்ச மைக் ஹேமர் 12 டிஸ்க் செட்டு வந்திருக்கு, ரிட்டர்ன் பண்ண ஏழு நாள்தான் டைம். ஏழு நாள்ல 78 எபிசோடும் பார்க்க முடியுமா? வேலைக்குப் போக வேண்டாமா?

பதில்: 33 மணி நேரத்துக்கு மேல ஆகும்க்கா, லீவு போட வேண்டாம். டிவிடில லேசர் உள் பக்கத்துல ஆரம்பிச்சு வெளிய போகும், ரெண்டு லேயர் டிஸ்க்னா ஓரத்துக்குப் போய் அங்கயே திரும்பி உள்ள வரும். சிக்கறது பெரும்பாலும் அந்தத் திரும்பற இடத்துலதான், அதாவது நடு எபிசோடுல. ஒவ்வொரு டிஸ்க்லயும் முதல் எபிசோடு ஒரு நிமிஷம், நடுவுல இருக்கற ரெண்டு எபிசோட ஃபாஸ்ட் ஃபார்வர்டுல, கடைசி எபிசோடோட கடைசி அஞ்சு நிமிஷம், இவ்ளோ போதும். படம் கட்டம் கட்டமா உடைஞ்சாலோ சத்தம் மட்டும் ஓடிப் படம் நின்னாலோ போன்ல வீடியோ எடுத்து வைங்க, டிஸ்க் நம்பரும் தெரியற மாதிரி.

ரெண்டு பக்கமும் படம் இருக்கற டிஸ்க்னா இன்னும் உஷார், 2005ல வந்த "ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்" முதல் சீசன் செட்டு அந்த வகை. லேபிள் ஒட்ட இடமே இல்ல, நடு ஓட்டையச் சுத்தி பொடி எழுத்துல எந்தப் பக்கம்னு போட்டிருக்கும், எங்க வீட்ல அதக் கண்ணாடி போட்டுப் படிக்கறதுக்குள்ள கைரேகை ரெண்டு பக்கமும் விழுந்துரும். உங்களது ஒத்தப் பக்க டிஸ்க்தானான்னு இன்னைக்கே பார்த்துருங்க, இல்லன்னா சோதிக்க வேண்டியது 12 இல்ல, 24.