எந்த பேஸ்னு கேட்டா என்ன சொல்றது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அக்கா, பி.காம் முடிச்சிருக்கேன், கேபின் க்ரூ (விமானத்துல பயணிகளைக் கவனிக்குற வேலை) வாக்-இன் இன்டர்வியூ போகப்போறேன். ஃபார்ம்ல பேஸ் பிரிஃபரன்ஸ் கேப்பாங்களாம். எனக்கு சென்னைதான் வேணும். ஆனா அப்படிச் சொன்னா ரிஜெக்ட் பண்ணிருவாங்க, எந்த ஊர்னாலும் ஓகேனு சொல்லுன்னு ஃப்ரெண்ட் சொல்றா. என்ன சொல்லட்டும்?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: தங்கச்சி, ஃப்ரெண்ட் சொல்றது பாதி சரி. உன் ட்யூட்டி ஆரம்பிச்சு முடியுற ஊர்தான் பேஸ். வேற ஊர்ல நைட் தங்குனா ஹோட்டல், அலவன்ஸ் எல்லாம் கம்பெனி பார்த்துக்கும், ஆனா நம்ம ஊர் ஏர்லைன்கள்ல பேஸ் ஊர்ல வாடகை பொதுவா உன் சம்பளத்துலதான் போகும், அட்வான்ஸும் நீதான் புரட்டணும், விடியக்காலை மூணு மணிக்கு பிக்கப் கேப் வந்து நின்னா "என்ன வேலை இது"ன்னு கேக்குற ஹவுஸ் ஓனரையும் நீதான் சமாளிக்கணும். சென்னைன்னா பல்லாவரம், பம்மல், நங்கநல்லூர் பக்கம் மூணு பொண்ணுங்க சேர்ந்து வீடு எடுத்துக்கலாம். டெல்லின்னா அதே கதைதான், கூட ஹிந்தியும் குளிரும்.

ஏர்லைன் ஆளுங்களுக்குன்னு குடுக்குற ஸ்டாஃப் டிக்கெட்லதான் வீட்டுக்கு வந்துட்டுப் போயிடலாமேன்னு நிறைய பேர் கணக்குப் போடுறாங்க. அது பெரும்பாலும் சீட் காலியா இருந்தாத்தான் ஏத்துவாங்க. தீபாவளிக்கு முந்தின நாள் மதுரை ஃப்ளைட்ல சீட் காலியா இருக்குமா, நீயே யோசி. ஸ்டாண்ட்பை வேற இருக்கு, கூப்பிட்டா யூனிஃபார்மோட கிளம்பணும், அன்னிக்கு விருதுநகர்ல உக்காந்திருந்தா கதை முடிஞ்சது.

அதனால "முதல் சாய்ஸ் சென்னை, பெங்களூரு ஹைதராபாத்னாலும் சந்தோஷமா வருவேன், கம்பெனிக்குத் தேவைன்னா வேற ஊரும் ஓகே"ன்னு சொல்லு, ஆனா கடைசி வரி நிஜமா இருந்தா மட்டும். ஏன்னா அடுத்த கேள்வியே "டெல்லி குடுத்தா எங்க தங்குவ, வீட்ல ஒத்துக்கிட்டாங்களா"ன்னு வரும், அங்க திணறுனா மூஞ்சி காட்டிக்குடுத்துரும். அவங்க ஆள் எடுக்குறதே எந்த பேஸ்ல ஆள் குறையுதோ அத நிரப்பத்தான். நீயும் கூச்சப்படாம கேளு: பேஸ் எப்போ சொல்வீங்க, எவ்ளோ நாள் கழிச்சு ட்ரான்ஸ்ஃபர் கேக்கலாம், பாண்ட் (இத்தனை நாள் வேலையை விடமாட்டேன்னு எழுதிக் குடுக்குறது) உண்டா, ட்ரெய்னிங்ல ஸ்டைபண்ட் எவ்ளோ. இண்டிகோவோட பெரிய ட்ரெய்னிங் சென்டர் குருகிராம்ல இருக்கு, அதனால சென்னை பேஸ் கிடைச்சாலும் ட்ரெய்னிங் வடக்க இருக்கலாம், அதுக்கும் வீட்ல பேசி வை. சேர்ந்த பிறகும் எதுவும் நிரந்தரம் இல்ல, 2019 ஏப்ரல்ல ஜெட் ஏர்வேஸ் நின்னுச்சு, 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட் நின்னுச்சு, 2024 நவம்பர்ல விஸ்தாரா ஏர் இந்தியாவோட சேர்ந்துருச்சு.

இன்னொன்னு, ஃபார்ம்ல தெரிஞ்ச மொழி எழுதுற கட்டத்துல நம்ம பிள்ளைங்க இங்கிலீஷ், ஹிந்தின்னு எழுதிட்டு தமிழை விட்டுர்றாங்க! திருச்சி–சிங்கப்பூர் ஃப்ளைட்ல பாதிப் பேர் தமிழ்ல பேசுற ஆளுங்க. முதல்ல தமிழை எழுது.

கேள்வி: மகளுக்கு 20 வயசு. துபாய் ஏர்லைன்ல வேலை வாங்கித் தர்றோம், முன்பணம் கட்டுங்கன்னு ஒரு ஏஜென்ட் சொல்றார். நம்பலாமா?
– ஒரு அம்மா, திருநெல்வேலி

பதில்: ஒரு ரூபாய் கூட கட்டாதீங்கம்மா. இன்டர்வியூவுக்குப் பணம் கேட்டா அது ஏர்லைன் இல்ல. அது போக, துபாய் ஏர்லைனான எமிரேட்ஸ்ல 21 வயசு ஆகணும், உங்க பொண்ணு இன்னும் கொஞ்சம் காத்திருக்கணும், அந்த ஏஜென்ட்டுக்கு இதுகூடத் தெரியல பாருங்க. அங்க சேர்ந்தா எல்லாருக்கும் துபாய்தான் பேஸ், கத்தார் ஏர்வேஸ்னா தோஹா, சாய்ஸே கிடையாது. ஆனா தங்குற இடம் கம்பெனியே குடுக்குது, இன்னொரு பொண்ணோட ஷேர் பண்ணிக்கணும், பெத்தவங்களுக்கு அது ஒரு நிம்மதி.

காத்திருக்குற நேரத்துல ஒன்னு பண்ணுங்க. எமிரேட்ஸுக்கு உயரம் 160 செ.மீ., குதிகால் தூக்கி நின்னு கை 212 செ.மீ. எட்டணும். செவத்துல டேப் வச்சு அளந்து 212ல பென்சில் கோடு போடுங்க, செருப்பு இல்லாம நிக்கச் சொல்லுங்க, விரல் நுனி கோட்டைத் தொட்டா போதும். தலைக்கு மேல இருக்குற பாதுகாப்பு சாமான்களை எட்டி எடுக்கணும், அதுக்குத்தான் இந்த அளவு. எட்டலன்னா மனசு உடைய வேண்டாம், இங்க பல ஏர்லைன்கள் பொண்ணுங்களுக்கு 155 செ.மீ.தான் கேக்குறாங்க.

கேள்வி: "ஏன் இந்த வேலை?"ன்னு கேட்டா என்ன சொல்றது?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: ஊர் சுத்த ஆசைன்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி, அன்னிக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் அதத்தான் சொல்வாங்க. இது முதல்ல பாதுகாப்பு வேலை. டிஜிசிஏ (நம்ம நாட்டு விமானத் துறையைக் கண்காணிக்குற அரசு அமைப்பு) ரூல்படி 50 சீட்டுக்கு ஒரு க்ரூ கட்டாயம், அதனாலதான் 186 சீட் ஏ320 விமானத்துல குறைஞ்சது நாலு பேர். ஆபத்துன்னா 90 செகண்ட்ல எல்லாரையும் வெளிய இறக்க முடியும்னு நிரூபிச்சாத்தான் அந்த மாதிரி விமானத்துக்கு அனுமதியே கிடைக்கும். காபி ஊத்துறது அதுக்கப்புறம். கூட்டத்துல பதறாம ஒருத்தருக்கு உதவுன நிஜ சம்பவம் ஒன்னு இருந்தா, பஸ் ஸ்டாண்டா இருந்தாலும் பரவால்ல, அத சொல்லுங்க. இண்டிகோ பொதுவா பொண்ணுங்களைத்தான் எடுக்குது, நீங்க ஏர் இந்தியா, எமிரேட்ஸ் பக்கம் பாருங்க.