மாம்பூவில் வெள்ளைப் பொடி: எப்போது மருந்து அடிக்கலாம், எப்போது பொறுக்க வேண்டும்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மாம்பூவைப் பற்றித்தான். மார்கழி, தைப் பனியில் இது வருவதுதான், ஆனால் பதற்றத்தில் அடிக்கும் மருந்தாலேயே காய்ப்பு குறைந்த தோப்புகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செந்தூரா மாமரங்களில் பூ நன்றாக வந்திருக்கிறது. ஆனால் மாவு தூவியது போல வெள்ளையாக இருக்கிறது. இப்போதே கந்தகம் அடிக்கலாமா? (பர்கூர்)

அது சாம்பல் நோய். ஒரு பூங்கொத்தை ஒடித்துக் கையில் வைத்துப் பாருங்கள். மொட்டுதான் அதிகம், விரிந்த பூ கொஞ்சம் என்றால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், இன்று மாலையே அடித்துவிடுங்கள். முக்கால்வாசி விரிந்துவிட்டது, வெள்ளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிகிறது என்றால் பொறுங்கள், பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்ததும் அடிக்கலாம்.

ஏன் என்றால், ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருந்தாலும் பெரும்பாலும் ஆண் பூக்கள்தான். காய் பிடிக்கும் இருபால் பூவைக் கிட்டத்தில் பாருங்கள், நடுவில் உருண்டையாகச் சூல், பக்கத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு மகரந்தப்பைதான் வேலைக்கு ஆகும். இளஞ்சிவப்பாக இருக்கும் அந்தப் பை வெயில் ஏற ஏற வெடித்து ஊதாவாக மாறும். அந்த மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுபோவது முக்கியமாக ஈயும், கொட்டாத சின்னக் கொசுத்தேனீயும்தான். காலை 8 மணிக்கு பவர் ஸ்ப்ரேயரை வைத்து அடித்தால் மகரந்தம் நனைந்து வீணாகும், ஈயும் அந்தப் பக்கம் வராது.

முழுப் பூவில் நோய் கொத்தையே மூடிவிட்டது என்றால் மட்டும் வேறு வழியில்லை, மாலை 4 மணிக்கு மேல் மெல்லிய பனிபோலத் தெளியுங்கள். வெயில் 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் கந்தகம் வேண்டாம், பூ கருகிவிடும்.

தத்துப்பூச்சியும் இருக்கிறது. கூலி மிச்சமாகும் என்று ஒரே டேங்கில் இமிடாகுளோபிரிட் கலந்து அடிக்கலாமா? (ஊத்தங்கரை)

பூ விரிந்தபின் கூடவே கூடாது. தேனீயைக் கொல்லும் மருந்து அது. பூங்கொத்து நீண்டு வரும்போதே, ஒரு பூவும் விரியாத நிலையில் அடித்திருக்க வேண்டும். கூலி மிச்சம் என்பது புரிகிறது, ஆனால் அந்த மிச்சத்தைக் காயில்தான் இழப்பீர்கள். இலையில் கரி பூசினாற்போலக் கறுப்பாக இருப்பதும் தத்துப்பூச்சியால் வருவதுதான், அது விடும் தேன் போன்ற கழிவில் வளரும் கரும்பூசணம். அதற்குத் தனிப் பூஞ்சைமருந்து தேவையில்லை. பூச்சியைக் குறைத்த பிறகு 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, 20 லிட்டராக்கி இலையில் தெளித்தால் காய்ந்து செதில் செதிலாக உரிந்து விழும்.

பூக்கும்போது மழை பெய்துவிட்டது. கொத்து கறுத்து உதிர்கிறது. (நத்தம்)

இது சாம்பல் நோயில்லை, ஆந்த்ரக்னோஸ் என்ற வேறொரு பூஞ்சை நோய். காய்ந்த குச்சியில் இருக்கும் வித்துகளை மழைதான் பூவுக்கு இறக்கும். இனி பிஞ்சு நின்றதும் கார்பன்டசிம் லிட்டருக்கு 1 கிராம், தேவைப்பட்டால் அடுத்த முறை மாங்கோசெப் 2 கிராம், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். உண்மையான வேலை அறுவடை முடிந்ததும் இருக்கிறது. காய்ந்த குச்சிகளை வெட்டி எரித்து, மரத்துக்குள் வெளிச்சம் விடுங்கள். அக்டோபரிலிருந்து 3 வாரத்துக்கு ஒருமுறை சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை லிட்டருக்கு 5 கிராம் அடித்து வந்தால் பூவில் மருந்துத் தேவையே குறையும். அதை எந்தப் பூஞ்சைமருந்தோடும் கலக்காதீர்கள், செத்துவிடலாம்.

பன்னீர் திராட்சைக்கும் தேனீ கவலை உண்டா? (கம்பம்)

பெரிதாக இல்லை, அது தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனால் பக்கத்துத் தோட்டத்தில் தேன்பெட்டி இருந்தால், அடிப்பதற்கு முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

போர்டோ கலவை வீட்டிலேயே செய்தால் இலை கருகுகிறது, எங்கே தவறு? (ராஜபாளையம்)

சுண்ணாம்பு குறைந்திருக்கும். இந்தப் பூஞ்சைமருந்துக்கு 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. இரண்டையும் பிளாஸ்டிக் வாளியில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலை மெதுவாகச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பிறகு பளபளப்பாகத் தீட்டிய கத்தியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுங்கள். அலகில் செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து மறுபடி முக்கிப் பாருங்கள், நிறம் படியாமல் நிற்கும் வரைக்கும். அன்றைக்கே அடித்துத் தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு வைக்க வேண்டாம். கவாத்து முடிந்த மரத்துக்குத்தான் இது, பூத்த மரத்தில் வேண்டாம்.